மே மாத லாக்ரோஸ்: ஒரு கல்லூரி மகளிர் அணியைக் கடைசிவரை பின்தொடர்வது எப்படி?

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இடம்பெறப் போகிறது என்பது நம்மில் பெரும்பாலானோருக்குத் தெரியும். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்த முடிவை எடுத்தது. அதே கூட்டத்தில் லாக்ரோஸுக்கும் அனுமதி கிடைத்தது. ஒலிம்பிக்கில் ஆடப்போவது அணிக்கு ஆறு பேர் கொண்ட சுருக்க வடிவம். ஆனால் பெண்கள் லாக்ரோஸ் முழு வேகத்தோடும் முழு அழகோடும் நடக்கும் இடம் அமெரிக்கக் கல்லூரி மைதானங்கள்தான். பிப்ரவரியில் குளிர் விலகுவதற்கு முன்பே சீசன் தொடங்கிவிடும். மே மாத இறுதியில் ஒரே ஒரு அணி கோப்பையோடு நிற்கும்.

இந்தக் கட்டுரை அந்த மே மாதத்தைப் பற்றியது. முதல்முறையாகப் பார்க்க உட்காருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஒரு அணியைத் தேர்ந்தெடுங்கள். எல்லா ஆட்டங்களையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒரே அணியோடு கடைசிவரை போவதில்தான் நாக் அவுட்டின் சூடு தெரியும். எனக்குப் பிடித்த உதாரணம் பாஸ்டன் காலேஜ். மாசசூசெட்ஸ் மாநிலத்து அணி. ஏன் இந்த அணி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஆட்டம் என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

களத்தில் என்ன நடக்கிறது

கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கம் 12 பேர். 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். ஒவ்வொருவர் கையிலும் நுனியில் சிறு வலை கட்டிய குச்சி. கெட்டியான ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்தி ஓட வேண்டும், தோழிக்கு எறிய வேண்டும், 6 அடி உயரமும் 6 அடி அகலமும் உள்ள கோலுக்குள் அடிக்க வேண்டும். பந்து கைக்கு வந்த அணி 90 நொடிகளுக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். 2017-ல் கல்லூரி ஆட்டத்தின் உச்ச நிலையான முதல் டிவிஷனுக்கு இந்த 90 நொடிக் கடிகாரம் வந்த பிறகு, முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது கடினமாகிவிட்டது. 12-10, 15-14 என்பதெல்லாம் இங்கே சாதாரண ஸ்கோர்.

ஆண்கள் லாக்ரோஸில் தலைக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு உடம்பால் மோதுவார்கள். பெண்கள் ஆட்டத்தில் அது கிடையாது. கோல்கீப்பருக்கு மட்டும் தலைக்கவசம் உண்டு. மற்றவர்கள் கண்ணுக்கு ஒரு கம்பிக் கவசமும் வாய்க்குள் பல்கவசமும் மட்டும் அணிவார்கள். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் பெண்கள் ஆட்டத்தின் பல விதிகள் கிளைக்கின்றன. புதிதாகப் பார்ப்பவருக்குப் புரியாமல் போவதும் அந்த விதிகள்தான்.

கோலை நோக்கி அடிக்கப் போகிறவளுக்கும் கோலுக்கும் நடுவே, யாரையும் ஒட்டி நின்று காக்காமல், சும்மா வழியை மறித்து ஒரு தடுப்பாட்டக்காரி நின்றால் அது ஃபவுல். அடிக்கும் பந்து அவள் முகத்திலோ தலையிலோ பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த விதி. இதை ஷூட்டிங் ஸ்பேஸ் என்பார்கள். திடீரென்று விசில் ஊதுவார்கள். யாரும் யாரையும் தொட்டதாகவே தெரியாது. ஆனாலும் தாக்கும் அணிக்கு ஃப்ரீ பொசிஷன் கிடைக்கும். காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்த ஃப்ரீ பொசிஷனை ஒருமுறை உன்னிப்பாகப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. கோலைச் சுற்றி 8 மீட்டர் தொலைவில் ஒரு வளைவுக் கோடு இருக்கும். ஃபவுல் வாங்கியவள் அந்தக் கோட்டில் குறிக்கப்பட்ட ஓர் இடத்தில் பந்தோடு நிற்பாள். ஃபவுல் செய்தவள் அவளுக்கு 4 மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும். மற்றவர்கள் வளைவுக்கு உள்ளிருந்து வெளியேறி இரண்டு பக்கமும் ஓடுவதற்குத் தயாராகக் காத்திருப்பார்கள். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க, விசில் ஊதிய நொடியில் அவள் இரண்டு மூன்று எட்டு பாய்ந்து அடிப்பாள். இரண்டு பக்கத்திலிருந்தும் தடுப்பவர்கள் பாய்ந்து வருவார்கள். கோல்கீப்பருக்குக் கிடைப்பது ஒரு கண்ணிமைப்பு நேரம். கடைசி நிமிடத்தில், ஒரு கோல் வித்தியாசத்தில் இது நடக்கும்போது என்னால் உட்கார்ந்து பார்க்க முடிந்ததில்லை.

டிரா: இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் விளங்கும்

லாக்ரோஸில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிக்க முடியும் என்றால், நான் டிராவைத்தான் சொல்வேன். சமனில் முடிவது என்ற பொருளில் இல்லை. இங்கே ஆட்டத்தைத் தொடங்கும் முறைக்கு அந்தப் பெயர்.

நடுவட்டத்தில் இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருத்தி வந்து நிற்பாள். இருவரும் தங்கள் குச்சிகளை இடுப்புக்கு மேல் உயரத்தில் கிடையாகப் பிடித்து, வலைகளின் பின்பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பார்கள். நடுவர் பந்தை அந்த இரண்டு வலைகளுக்கும் நடுவே செருகுவார். கை எடுத்ததும் இருவரும் அசையாமல் நிற்க வேண்டும். விசில் ஊதியதும் குச்சியை மேல்நோக்கி வெடுக்கென்று இழுப்பார்கள். பந்து இருவர் தலைக்கும் மேலே எழும்ப வேண்டும். மணிக்கட்டை எந்தக் கோணத்தில் திருப்புகிறாள் என்பதைப் பொறுத்து, அது அவளுக்கே வரலாம், வட்டத்தின் ஓரத்தில் காத்திருக்கும் தோழிக்குப் போகலாம், எதிரியின் வலையிலும் விழலாம். அதற்காகவே பல அணிகள் டிரா எடுப்பதில் தேர்ந்த ஒருத்தியைத் தனியாக வளர்க்கின்றன.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? கால்பந்தில் கோல் வாங்கிய அணிதான் அடுத்து பந்தைத் தொடங்கும். லாக்ரோஸில் அப்படி இல்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மறுபடி நடுவட்டத்தில் டிரா. கோல் போட்ட அணியே அதையும் வென்றால், எதிரணி பந்தைத் தொடாமலேயே அடுத்த கோலும் விழும். அதற்கு அடுத்ததும் விழலாம். ஆகவே 5 கோல், 6 கோல் முன்னிலை என்பதெல்லாம் இங்கே பாதுகாப்பே கிடையாது. புள்ளிவிவரப் பட்டியலில் டிரா கண்ட்ரோல் என்று ஒரு வரி இருக்கும். டிராவில் எந்த அணி எத்தனை முறை பந்தை வசமாக்கியது என்ற கணக்கு அது. பாதி ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரைப் பார்த்த கையோடு அந்த வரியையும் பாருங்கள். பின்தங்கிய அணி டிராவில் முந்தியிருந்தால் ஆட்டம் இன்னும் முடியவில்லை.

2022 அரையிறுதி இதற்கு ஒரு பாடம். பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மைதானத்தில் நார்த் கரோலினாவும் நார்த்வெஸ்டர்னும் மோதின. நார்த் கரோலினா அந்த சீசனில் தோல்வியே காணாத அணி. அன்று 8 கோல் பின்தங்கிவிட்டது. மூன்றாம் பகுதி முடியும் தறுவாயில், வழியனுப்பி வைக்க வேண்டிய அணியாகத்தான் அது தெரிந்தது. அதன் பிறகு டிரா, கோல், மறுபடி டிரா, மறுபடி கோல். 15-14 என்று ஜெயித்தார்கள். இரண்டு நாள் கழித்து பாஸ்டன் காலேஜை 12-11 என்று வென்று, 22 ஆட்டங்களில் 22 வெற்றியோடு சீசனை முடித்தார்கள்.

யார் உள்ளே, யார் வெளியே

இப்போது மே மாதத்துக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. பாஸ்டன் காலேஜும் நார்த் கரோலினாவும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருக்கின்றன. நார்த்வெஸ்டர்னும் மேரிலாந்தும் பிக் டென்னில். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குள் ஒரு நாக் அவுட் தொடர் நடத்தும். அதில் வென்றால் தேசியத் தொடருக்கு நேரடி நுழைவு. சின்ன கான்ஃபரன்ஸில் இருக்கும் அணிகளுக்குப் பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி. அதனால் அந்தச் சின்ன கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்களில் இருக்கும் தவிப்பு பெரிய அணிகளின் ஆட்டங்களில்கூட இருக்காது. நேரம் கிடைத்தால் ஒன்றாவது பாருங்கள்.

மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்பும். 2025 தொடரையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 29 அணிகள். அவற்றில் 15 அணிகள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களாக நுழைந்தன. 14 அணிகள் குழு தேர்ந்தெடுத்தவை. மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு இந்தப் பட்டியலை அறிவிப்பார்கள். விளிம்பில் நிற்கும் அணிகளின் வீராங்கனைகள் ஒரே அறையில் கூடி, தங்கள் கல்லூரிப் பெயர் திரையில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெயர் வராவிட்டால் அந்த இரவோடு சீசன் முடிந்தது.

குழு எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? யாரை வென்றீர்கள், யாரிடம் தோற்றீர்கள், எவ்வளவு கடினமான அட்டவணை ஆடினீர்கள் என்பதெல்லாம் உண்டு. நீண்ட காலமாக இதற்கெல்லாம் அச்சாணியாக இருந்து வந்தது ஆர்பிஐ என்ற கணக்கு. அதில் உங்கள் அணியின் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம்தான் எடை. உங்களோடு ஆடிய அணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம். அந்த அணிகளோடு ஆடிய அணிகளின் வெற்றி விகிதத்துக்கு மீதி 25. அதாவது, உங்கள் அணி ஓய்வெடுக்கும் நாளிலும் அதன் நிலை மேலே போகலாம், கீழே இறங்கலாம். பிப்ரவரியில் உங்களிடம் தோற்ற அணி ஏப்ரலில் ஜெயித்துக்கொண்டே போனால் அது உங்களுக்கு லாபம். ஒரு அணியைப் பின்தொடர்வது என்றால் அதன் பழைய எதிரிகளுக்கும் சேர்த்துக் கைதட்டுவது என்று ஆகிவிடுகிறது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதிகளில் இதுவும் ஒன்று.

வாராவாரம் பயிற்சியாளர்கள் வாக்களித்து வெளியிடும் தரவரிசையும் உண்டு. அது பேசிக்கொள்ள நன்றாக இருக்கும். தேர்வுக் குழு அதை வைத்து முடிவெடுப்பதில்லை என்பதால், உங்கள் அணி அதில் இரண்டு இடம் இறங்கியதென்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று வாரம்

தேர்வானவற்றில் முன்னணி அணிகளுக்குக் குழு வரிசை எண் தரும். 2025-ல் முதல் மூன்று எண்கள் நார்த் கரோலினா, பாஸ்டன் காலேஜ், நார்த்வெஸ்டர்ன். இந்த மூன்றுக்கும் முதல் சுற்று ஆட வேண்டிய அவசியமில்லை. மற்ற 26 அணிகள் 13 ஆட்டங்களில் மோதி, வென்ற 13 அணிகள் இவற்றோடு சேர்ந்தால் 16. அங்கிருந்து 8, 4, 2. முதல் மூன்று அணிகளுக்கு நான்கு வெற்றி போதும், மற்றவர்களுக்கு ஐந்து.

முதல் இரண்டு சுற்றுகள் ஒரே வார இறுதியில், வெள்ளியும் ஞாயிறுமாக, உயர்ந்த எண் பெற்ற அணிகளின் சொந்த மைதானங்களில் நடக்கும். காலிறுதி அடுத்த வியாழக்கிழமை. அதுவும் உயர்ந்த எண் உள்ள அணியின் ஊரில்தான். எண்ணுக்காக எல்லோரும் ஏன் அவ்வளவு அலைகிறார்கள் என்பது இங்கே விளங்கும். நார்த்வெஸ்டர்னை மிச்சிகன் ஏரிக்கரையில், அதன் மார்ட்டின் மைதானத்தில் எதிர்கொள்வது ஒன்று. வேறு ஊரில் எதிர்கொள்வது வேறு.

கடைசி வாரத்தில் நான்கு அணிகளும் ஒரே ஊருக்குப் போகும். அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே விடுமுறை. அதற்கு முந்தைய வெள்ளியன்று அரையிறுதிகள், ஞாயிறன்று இறுதி. நடுவில் ஒரே ஒரு நாள் ஓய்வு.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் இரண்டு இடம் பிடித்த அணி தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே முதலிடமோ இருபத்தொன்பதாவது இடமோ, ஒரு தோல்வி என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆட்டம் சமனானால் கூடுதல் நேரத்தில் முதல் கோல் போடுபவர்களுக்கே வெற்றி. அதற்கும் முதலில் ஒரு டிரா எடுத்தாக வேண்டும்.

பாஸ்டன் காலேஜின் கதை

நான் ஏன் இந்த அணியைச் சொன்னேன் என்றால், மே மாதம் ஒரு அணிக்கு என்னவெல்லாம் செய்யும் என்பது இவர்கள் கதையில் அப்படியே இருக்கிறது.

2017-ல் முதல்முறையாக இறுதிக்கு வந்தார்கள். மேரிலாந்திடம் 16-13 என்று தோற்றார்கள். மேரிலாந்து என்றால் சாதாரண அணி இல்லை. இந்தத் தேசியத் தொடரை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பட்டத்தை 14 முறை வென்ற அணி, அதில் 1995 முதல் 2001 வரை தொடர்ந்து ஏழு. சரி, அனுபவசாலிகளிடம் தோற்றோம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். 2018-ல் மறுபடி இறுதி. இந்த முறை எதிரே ஜேம்ஸ் மேடிசன், அதுவரை இந்தப் பட்டத்தை வென்றிராத அணி. 16-15. ஒரு கோலில் போயிற்று. 2019-ல் மூன்றாவது இறுதி, மறுபடி மேரிலாந்து, 12-10. மூன்று ஆண்டும் கடைசி நாள்வரை வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். 2020-ல் கொரோனாவால் சீசனே பாதியில் நின்றது.

பயிற்சியாளர் அகேசியா வாக்கர்-வைன்ஸ்டீன் அணியைக் கலைத்துப் போடவில்லை. டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து ஷார்லட் நார்த் என்ற வீராங்கனை வந்து சேர்ந்திருந்தார். 2021-ல் அவர் ஒரே சீசனில் 102 கோல் அடித்தார். அதுவரை யாரும் தொடாத எண் அது. சிரக்யூஸுக்கு எதிரான இறுதியில் மட்டும் 6 கோல். 16-10. நான்காவது முயற்சியில் கோப்பை வந்தது. பந்தைப் பின்பக்கமாகக் கொண்டுபோய், உடம்பு மொத்தத்தையும் சுழற்றி அவர் அடிக்கும் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். ஃப்ரீ பொசிஷனைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

அதோடு முடிந்துவிடவில்லை. 2022 இறுதியில் நார்த் கரோலினாவிடம் ஒரு கோலில் தோல்வி. 2023 இறுதியில் நார்த்வெஸ்டர்னிடம் 18-6 என்று படுதோல்வி. அன்றைய நார்த்வெஸ்டர்னில் ஆடியவர் இஸ்ஸி ஸ்கேன். மறு ஆண்டு ஷார்லட் நார்த்தின் மொத்த கோல் சாதனையைத் தாண்டி 376-ல் போய் நின்றவர். 2024-ல் அதே இரண்டு அணிகள், நார்த் கரோலினா மாநிலத்தின் கேரி நகரில், அதே மைதானத்தில், மறுபடி இறுதியில். தொடக்கத்திலேயே நார்த்வெஸ்டர்ன் 6-0. முந்தைய ஆண்டை நினைத்துப் பலர் திரையை அணைத்திருப்பார்கள். அணைக்காதவர்கள் பாஸ்டன் காலேஜ் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து 14-13 என்று வென்றதைப் பார்த்தார்கள்.

2017 முதல் 2024 வரை, நடக்காமல் போன 2020 நீங்கலாக, தொடர்ந்து ஏழு இறுதிப் போட்டிகள். அதில் இரண்டு கோப்பை. 2025-ல் அரையிறுதியில் நார்த்வெஸ்டர்ன் 12-11 என்று வென்று அந்தத் தொடர்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மறுபடியும் ஒரு கோல். ஐந்து தோல்வி, இரண்டு வெற்றி என்று இதைக் கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு தோல்வியில் எல்லாம் முடிந்துபோகும் தொடரில் ஏழு முறையும் கடைசி நாள்வரை தாக்குப்பிடித்ததுதான் பெரிய சாதனை. அந்த 2025 பட்டத்தை நார்த் கரோலினா 12-8 என்று வென்றது. மறுபடியும் தோல்வியே இல்லாமல், 22-0.

எங்கிருந்து தொடங்குவது

ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கினால் போதும். பாஸ்டன் காலேஜே வேண்டும் என்றில்லை. உறவுக்காரப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியாக இருக்கலாம், சீருடை நிறம் பிடித்த அணியாகவும் இருக்கலாம். அதன் கான்ஃபரன்ஸ் தொடரைப் பாருங்கள். டிரா எடுப்பவள் யார், ஃப்ரீ பொசிஷனில் அதிகம் அடிப்பவள் யார், கோல்கீப்பர் எப்படி என்று மூன்று பேரை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பன்னிரண்டு பேரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நேரக் கணக்கு நமக்கு வசதியாகவே இருக்கிறது. மே மாதத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பகல் 12 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 9.30. ஞாயிறு பகல் இறுதி ஆட்டத்தை நம் நள்ளிரவுக்குள் பார்த்து முடித்துவிடலாம்.

உங்கள் அணி பாதியில் வெளியேறினால், அன்று நான்காம் ஆண்டு மாணவிகளைக் கவனியுங்கள். அவர்களில் பலருக்கு அதுதான் கல்லூரிச் சீருடையில் கடைசி ஆட்டம். அப்புறம் கோடையில் யார் வேறு கல்லூரியிலிருந்து வருகிறார்கள், யார் போகிறார்கள் என்ற செய்திகள் வரும். ஷார்லட் நார்த் வந்ததும் அப்படித்தான். புதிய அட்டவணை வெளியானதும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் உங்கள் அணி யாரோடெல்லாம் மோதுகிறது என்று பாருங்கள். பலமான அணிகளோடு துணிந்து ஆடும் கல்லூரி என்றால், அதன் பயிற்சியாளர் இப்போதே அடுத்த மே மாதத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டார் என்று புரிந்துகொள்ளலாம்.